கார்டு போன பிறகு: டூரிலிருந்து கிளப் வேலைக்கு வருபவர்களுக்கு – வாசகர் கேள்வி பதில்

கோல்ஃபை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா என்று சென்ற இதழில் ஒரு வரி கேட்டிருந்தோம். பெங்களூருவிலிருந்து வந்த கடிதங்களில் பல, டூரில் (தொழில்முறைப் போட்டித் தொடரில்) ஆடிவிட்டுக் கிளப் வேலைக்கு வர யோசிப்பவர்களும் வந்தபின் விழிப்பவர்களும் எழுதியவை. தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு எங்கள் குழுவின் பதில்கள் இங்கே. பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம், கேட்டவர்களில் பலர் இன்னும் அதே வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்கள்.

கேள்வி: வயது 34. மூன்று சீசனாக டூர் கார்டு (தொடரில் ஆடும் உரிமை) வருவதும் போவதுமாக இருக்கிறது. நகரில் ஒரு கிளப்பில் உதவி ப்ரோ (பாடம் சொல்லும் தொழில்முறை ஆட்டக்காரர்) வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். "ஆட்டத்தை விட்டுட்டான்" என்று கூட ஆடியவர்கள் சொல்வார்களே என்று தயக்கம். போகலாமா?
– வாசகர், டொம்லூர்

பதில்: சொல்பவர்கள் சொல்லட்டும், நீங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். கடைசி இரண்டு சீசனில் ஆடிய ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு வரி. செலவுப் பக்கத்தில் நுழைவுக் கட்டணம், ரயிலோ விமானமோ, கிட்டுக்கு (மட்டைப் பைக்கு) கட்டிய கூடுதல் லக்கேஜ், ஐந்தாறு ராத்திரி அறை வாடகை, சாப்பாடு, கேடிக்கு (பையைத் தூக்கி உடன் வருபவருக்கு) கொடுத்தது, பந்து, கிளவுஸ். எதிர்ப்பக்கத்தில் வந்த பரிசுப் பணம். 2006-ல் தொடங்கிய இந்தியத் தொழில்முறைத் தொடரான பிஜிடிஐ டூரின் வழக்கமான 72 ஹோல் (நான்கு நாள்) போட்டியில் 36 ஹோல் முடிந்ததும் முதல் 50 பேரும் அவர்களோடு சமமாக நிற்பவர்களும்தான் மீதி இரண்டு நாள் ஆடுகிறார்கள். பணமும் அவர்களுக்குத்தான். ஒரு கோடி ரூபாய் போட்டியில் ஜெயித்தவருக்கு 15 லட்சம் கிடைக்கும். அதன்பின் தொகை படிக்கட்டில் இறங்குவது போல இறங்காது, கிணற்றில் விழுவது போல விழும். அதனால் ஒரே ஒரு நல்ல வாரம் வருடக் கணக்கையே தூக்கிக் காட்டிவிடும். அந்த ஒரு வாரத்தை அடித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டுங்கள். அதுதான் உங்கள் நிஜ வருமானம். அதைக் கிளப் தரும் தொகையோடு ஒப்பிடுங்கள்.

கிளப் வேலை இறக்கம் என்ற பேச்சு வரலாறு தெரியாத பேச்சு. இந்த ஆட்டத்தில் முதலில் இருந்தவர் கிளப் ப்ரோ; டூர் ப்ரோ பின்னால் வந்தவர். ஸ்காட்லாந்தின் ஓல்டு டாம் மாரிஸ் 1861, 1862, 1864, 1867 என நான்கு முறை பிரிட்டிஷ் ஓபன் பட்டம் வாங்கியவர். புல்தரையைப் பராமரிப்பதும் மட்டையும் பந்தும் செய்து விற்பதும்தான் அவருக்குச் சோறு போட்டன. அமெரிக்காவில் டூர் ஆட்டக்காரர்கள் கிளப் ப்ரோக்களின் சங்கத்திலிருந்து பிரிந்து தனியாகப் போனதே 1968-ல்தான். விங்டு ஃபுட் கிளப்பின் ஹெட் ப்ரோவாக இருந்தபடியே கிளாட் ஹார்மன் 1948 மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். 2023 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் கலிஃபோர்னியாவின் ஒரு கிளப் ப்ரோ, மைக்கேல் பிளாக், கடைசி நாள் உலகின் முன்னணி ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராயோடு ஆடி, 15-வது ஹோலில் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டு, 15-வது இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் உங்கள் நாள் முழுக்க மாறிவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். பெங்களூரு மெம்பர்கள் ஆபீஸுக்கு முன் வருகிறவர்கள். காலை ஆறு முதல் ஒன்பதரை வரை பாடம். பிறகு கடை, ரிப்பேர், வரும் வாரப் போட்டிக்கு டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) போடுவது. சாயங்காலம் நான்கு மணிக்குப் பிள்ளைகள். சொந்தப் பயிற்சிக்கு மிஞ்சுவது உச்சி வெயில் நேரம் இரண்டு மணி. அதில் லாங் கேமை (நீண்ட அடிகளை) விட்டுவிட்டு 100 கஜத்துக்குள் உள்ளதை மட்டும் பிடித்துக்கொள்பவர்களால்தான் வருடத்துக்கு நாலைந்து போட்டி ஓரளவு ஆட முடிகிறது. எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்த்தால் எதுவும் நிற்காது.

கேள்வி: கிளப் நீட்டிய ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம்தான். மாத ரீடெய்னர் (நிலையான மாதத் தொகை), பாடக் கட்டணத்தில் கிளப்புக்கு 30 சதவீதம் என்று இருக்கிறது. வேறு எதைக் கேட்க வேண்டும்?
– வாசகர், ஆஸ்டின் டவுன்

பதில்: ஒன்றரைப் பக்கத்தில் எழுதாமல் விட்டதுதான் உங்கள் பையிலிருந்து போகும். கணக்குக்காக ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம். பாடம் ஒன்றுக்கு 1,500 ரூபாய், கிளப் பங்கு போக உங்களுக்கு 1,050. தினம் நான்கு பாடம், மாதம் 22 நாள் என்றால் 88 பாடம், 92,400 ரூபாய். காகிதத்தில் அழகு. இப்போது மழைக்கும் "சார், மீட்டிங் வந்துடுச்சு"க்கும் ஐந்தில் ஒன்றைக் கழியுங்கள். 70 பாடம், 73,500. பாடத்தில் அடிக்கும் ரேஞ்ச் (பயிற்சித் திடல்) பந்துக்குக் காசு யார் தருவது என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. உங்கள் தலையில் பாடத்துக்கு 150 ரூபாய் விழுந்தால் 10,500 போய்விடும். கையில் நிற்பது 63,000. ஆக முதல் இரண்டு கேள்விகள் தெரிந்துவிட்டன: ரேஞ்ச் பந்து யார் செலவு, முன்னறிவிப்பில்லாமல் வராத மெம்பருக்குக் கட்டணம் உண்டா. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் பாதிக் கட்டணம் என்று கிளப்பே நோட்டீஸ் போர்டில் போடட்டும். நீங்கள் வாயால் கேட்டால் மனக்கசப்பு.

மூன்றாவது, பணம் எப்போது கைக்கு வரும். பெரும்பாலான கிளப்களில் மெம்பர் ரொக்கம் தருவதில்லை, கணக்கில் எழுதுகிறார், மாத பில்லில் கட்டுகிறார். அவர் கட்டிய பிறகுதான் உங்கள் பங்கு வருமா, பில் போட்ட மாதமே வருமா? இரண்டுக்கும் நடுவில் இரண்டு மாத வாடகை இருக்கிறது.

ரீடெய்னருக்கு ஈடாக எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதி வாங்குங்கள். கார்ப்பரேட் போட்டி நாளில் காலை ஐந்திலிருந்து பரிசளிப்பு வரை நிற்கச் சொல்வார்கள். அன்று உங்கள் பாடங்கள் எல்லாம் ரத்து. அதற்குத் தனித் தொகை உண்டா? போட்டி ஆட வருடத்துக்கு எத்தனை வாரம் விடுப்பு? வெளியாள்களுக்குப் பாடம் சொல்லலாமா? வேலையை விட்டால் உங்கள் மாணவர்களை வேறு ரேஞ்சுக்கு அழைத்துப் போகத் தடை உண்டா?

ப்ரோ ஷாப் உங்கள் பொறுப்பு என்றால் சரக்கு யார் காசில் என்று பாருங்கள். உங்கள் காசு என்றால் டிரைவர் மட்டைகளை (அதிக தூரம் அடிப்பவை) தொடவே தொடாதீர்கள். புது மாடல் இறங்கிய அன்றே பழையதன் விலை விழும், அலமாரியில் இருப்பது உங்கள் சேமிப்பு. கம்பெனியிடம் விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில் டெமோ மட்டைகளை மட்டும் வையுங்கள். சொந்தக் காசைப் பந்து, டீ (பந்தை வைக்கும் சிறு குச்சி), கிரிப் (மட்டையின் கைப்பிடி உறை), இடதுகைக் கிளவுஸ் ஆகியவற்றில் போடுங்கள். வலதுகை ஆட்டக்காரர் இடதுகையில்தான் கிளவுஸ் போடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு கைக்கும் சமமாக வாங்கி வைத்து மாட்டிக்கொண்ட கடைகள் உண்டு.

வரி விஷயம் சுருக்கமாக. நீங்கள் சம்பள ஊழியர் அல்ல, தொழில்முறைக் கட்டணம் வாங்குபவர் என்றால் வரம்பைத் தாண்டியதும் கிளப் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். அது உங்கள் பான் எண்ணில் ஏறியதா என்று வரிப் பிடித்தத்தைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பாடம், ரிப்பேர், கடை விற்பனை எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கடைச் சரக்கு மட்டும் விற்பவருக்கு உள்ள 40 லட்ச வரம்பு, பாடமும் சொல்லும் உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: பத்து வருடம் டூரில் ஆடியவனுக்கும் கோச் சான்றிதழ் தேவையா?
– வாசகர், விவேக் நகர்

பதில்: தேவை. டூர் கார்டு உங்களுக்கு ஆடத் தெரியும் என்கிறது. இன்னொருவரை ஆட வைக்கத் தெரியும் என்று சொல்வதில்லை. இந்திய கோல்ஃப் யூனியனின் கீழ் உள்ள நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா கோச்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தி, தரநிலை வாரியாகச் சான்று தருகிறது. பள்ளிகளும் அகாடமிகளும் ஆளெடுக்கும்போது அதைத்தான் முதலில் பார்க்கின்றன. வகுப்புக்குப் போகுமுன் ஒரு மூத்த ப்ரோ பாடம் எடுக்கும்போது இருபது மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். வாயைத் திறக்கக் கூடாது. அவர் எப்போது பேசாமல் இருக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போகிறீர்கள் என்றால் ஸ்விங்கை வீடியோ எடுக்கப் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதும், கையைப் பிடித்துத் திருத்துமுன் சொல்லிவிட்டுத் தொடுவதும் பழக்கமாகட்டும். முதலுதவிப் பயிற்சியும் வேண்டும். அப்புறம், நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: கேடிகளோடு தமிழும் மெம்பர்களோடு ஆங்கிலமும் போதும் என்று நினைக்காதீர்கள். மாலி (தோட்டக்காரர்), ரேஞ்ச் பையன், ஸ்டோர் கீப்பர் எல்லோரோடும் கன்னடத்தில் பேசத் தெரிந்த ப்ரோவுக்கு ரேஞ்சில் நல்ல புல்தரை கிடைக்கும். மற்றவருக்குச் செயற்கைப் புல் பாய்தான்.

கேள்வி: டூரிலிருந்து வந்து பாடம் எடுக்கத் தொடங்கி ஆறு மாதம். ஸ்லைஸ் (வலப்பக்கம் வளையும் அடி) அடிப்பவர்களிடம் "உள்ளேயிருந்து வெளியே அடிங்க" என்கிறேன். பந்து முன்னைவிட வலப்பக்கம் போய் மரத்தில் விழுகிறது. மெம்பர்கள் நழுவுகிறார்கள். எங்கே தப்பு?
– உதவி ப்ரோ, வைட்ஃபீல்டு

பதில்: நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் முதலில் செய்யும் தப்புதான். உங்கள் கை, பந்தைத் தொடும் மட்டை முகமான ஃபேஸைத் தானாகவே நேராக்கிவிடுகிறது. அதனால் உங்களுக்கு மட்டை வரும் பாதை மட்டுமே கண்ணில் படுகிறது. மாணவருக்கு அந்தக் கை இல்லை.

பந்தும் ஃபேஸும் தொட்டிருப்பது ஏறக்குறைய அரை மில்லி விநாடி. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் ஃபேஸ் முடிவு செய்கிறது. ஐயனில் (இரும்புத் தலை மட்டையில்) முக்கால் பங்கு, டிரைவரில் அதற்கும் மேல். எவ்வளவு வளையும் என்பதை ஃபேஸுக்கும் மட்டை வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசம் முடிவு செய்கிறது. உங்கள் மெம்பரின் ஃபேஸ் இலக்குக்கு வலப்பக்கம் 3 டிகிரி திறந்திருக்கிறது, பாதை இடப்பக்கம் 5 டிகிரி என்று வையுங்கள். வித்தியாசம் 8. பந்து சற்றே வலப்பக்கம் கிளம்பி நன்றாக வலப்பக்கம் வளையும். பாதையை நேராக்குங்கள் என்று நீங்கள் சொன்னதும் அவர் உடம்பையே திருப்புகிறார். உடம்போடு ஃபேஸும் சேர்ந்து திரும்புகிறது. பாதை 0, ஃபேஸ் 8 வலம். வித்தியாசம் அதே 8, வளைவும் அதே. கிளம்பும் திசை மட்டும் இன்னும் 5 டிகிரி வலது. மரம் அங்கேதான் இருக்கிறது.

இடப்பக்கம் இழுத்து அடிப்பது அவருடைய நோய் அல்ல, அவரே கண்டுபிடித்த மருந்து. பந்து வலப்பக்கம் போகிறது, ஆகவே இடப்பக்கம் அடிக்கிறார். திறந்த ஃபேஸை மூடினால் பந்து இடப்பக்கம் போகத் தொடங்கும். ஒரு வாரம் இடப்பக்கம் போனால், யாரும் சொல்லாமலே பாதையைத் திருத்திக்கொள்வார். இடப்பக்கம் போவதுதான் முன்னேற்றம் என்று அந்த வாரம் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "ப்ரோ என் ஆட்டத்தைக் கெடுத்துட்டார்" என்று பாரில் பேச்சாகிவிடும்.

45 நிமிடப் பாடத்தை இப்படி ஓட்டிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் முதுகு, மணிக்கட்டு, தோள்பட்டையில் வலி உண்டா, வாரத்துக்கு எத்தனை நாள் வர முடியும் என்ற விசாரணை. பிறகு ஆறு பந்து, நீங்கள் பேசாமல். அடுத்து ஃபேஸில் ஒயிட்போர்டு மார்க்கரைப் பூசி மூன்று பந்து. டிரைவரில் ஹீல் பக்கம் (தண்டுக்கு அருகே) பட்டால் ஸ்விங் சரியாக இருந்தாலும் பந்து வலப்பக்கம் வளையும். மட்டையின் தலை அடிபட்டுத் திரும்ப, பந்து எதிர்த்திசையில் சுழல்வதால் வரும் வளைவு அது. அப்படியானால் பிரச்சினை அவர் நிற்கும் தூரம், கிரிப்பில் கைவைக்க வேண்டாம். நடுவில் பட்டும் வளைகிறது என்றால் இடது கையைப் பாருங்கள். குனிந்து பார்க்கும்போது அவருக்கு இரண்டு முதல் இரண்டரை விரல் முட்டி தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் காரணம் கிடைத்துவிட்டது. கிரிப் உள்ளங்கையில் குறுக்காக ஓடாமல் விரல்களின் அடியில் உட்கார வேண்டும். மாற்றிய கிரிப்பில் முதலில் இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும், 8-ஐயனில், 15 பந்து. முழு ஸ்விங் கடைசிப் பத்து நிமிடம். ஒரு பாடத்தில் ஒரே திருத்தம். இரண்டாவது தப்பு கண்ணில் பட்டால் நோட்டில் எழுதுங்கள், அடுத்த வாரத்துக்குத் தீனி.

பாய் ரேஞ்ச் மட்டும் உள்ள இடத்தில் கவனம். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் அடித்தாலும் மட்டை பாயில் வழுக்கிப் பந்தை எடுத்துவிடும், மாணவர் சந்தோஷப்படுவார். கோர்ஸில் அதே அடி மண்ணைத்தான் எடுக்கும். பந்துக்கு நான்கு அங்குலம் பின்னால் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். துண்டு பறந்தால் பொய் வெளிப்பட்டது.

கேள்வி: கிரிப் மாற்றும் வேலையை வெளியே கொடுத்து வந்தோம். இனி ப்ரோ ஷாப்பிலேயே செய்ய வேண்டுமாம். இரண்டு கிட் செய்தேன்; நாலைந்து கிரிப் ஒரு மாதத்தில் சுழல ஆரம்பித்துவிட்டது.
– உதவி ப்ரோ, எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: மண்ணெண்ணெய் ஊற்றினீர்களா? சுழலும் கிரிப்புக்கு நம் ஊரில் பாதி நேரம் அதுதான் காரணம். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பசையை விட்டுவிட்டுப் போகும், டேப் பிடிக்காது. பெட்ரோல் மூடிய கடைக்குள் ஆபத்து. தின்னர் ரப்பரையே தின்றுவிடும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் போதும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வேண்டியவை: பெஞ்ச் வைஸ், மட்டையின் தண்டான ஷாஃப்டைப் பிடிக்க ரப்பர் கிளாம்ப், கொக்கி பிளேடு, 2 அங்குல இருபக்க டேப், வழியும் டர்பன்டைனைப் பிடிக்க ஒரு ட்ரே, ஒரு டீ. பழைய கிரிப்பைக் கொக்கி பிளேடால் உடம்புக்கு எதிர்ப்பக்கமாக நீளவாக்கில் கிழியுங்கள். நேர் பிளேடு கிராஃபைட் ஷாஃப்டின் மேல்தோலைக் கீறும். அந்தக் கீறலில்தான் ஆறு மாதம் கழித்து ஷாஃப்ட் ஒடியும், பழி உங்கள் மேல். பழைய டேப் ஒட்டாமல் வர ஹீட் கன் காட்டுவது ஸ்டீலுக்குச் சரி. கிராஃபைட்டுக்கு அதிகச் சூடு ஆகாது, டர்பன்டைன் தடவி நகத்தால் சுரண்டுங்கள். பழைய பசை ஒரு பொட்டு மிஞ்சினாலும் புது கிரிப்பின் அடியில் மேடாகத் தெரியும்.

புது கிரிப்பை ஷாஃப்ட் பக்கத்தில் வைத்து, வாய் எங்கே முடிகிறதோ அங்கே பென்சில் குறி. டேப்பை நீளவாக்கில் ஒட்டி, மேல்முனையில் அரை அங்குலம் வெளியே விட்டு, முறுக்கி ஷாஃப்டின் துளைக்குள் செருகுங்கள். ஷாஃப்டின் கூர் விளிம்பு கிரிப்பின் மூடியை உள்ளிருந்து அறுக்காமல் இது காக்கும். கிரிப்பின் நுனித் துளையை டீயால் அடைத்து, உள்ளே தாராளமாக ஊற்றி, வாயை விரலால் மூடிக் குலுக்கி, அதே திரவத்தை டேப் முழுக்க வழியும்படி கொட்டுங்கள். தாமதிக்காமல் வாயை அகட்டி ஒரே தள்ளு. தயங்கினால் பாதியில் நிற்கும். நின்றால் உடனே உருவிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். முரட்டுத்தனமாகத் தள்ளினால் கிரிப் நீண்டு மெலியும், கிட்டில் ஒவ்வொரு மட்டையும் ஒவ்வொரு தடிமனாகிவிடும். பென்சில் குறியில் வாய் சரியாக வந்து நிற்க வேண்டும் என்பது அதற்காகத்தான். ஃபேஸ் நேராக இருக்கும்படி தரையில் ஊன்றி, கிரிப்பின் கோடுகளை ஒரு நிமிடத்துக்குள் நேர்படுத்துங்கள். பிறகு அசையாது.

காய ஒரு ராத்திரி, ஜூலை ஆகஸ்ட் மழையில் முழு 24 மணி நேரம். மாலை கொடுத்துவிட்டுக் காலை ஆட்டத்துக்குக் கேட்கும் மெம்பரிடம் முடியாது என்று சொல்லுங்கள். உங்கள் கிரிப் சுழன்றதற்கு மீதிப் பாதிக் காரணம் அதுவாக இருக்கும்.

தடிமன் பார்க்க: இடது கையால் பிடிக்கும்போது நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரலின் அடிச்சதையை லேசாகத் தொட வேண்டும். குத்தினால் மெலிசு, இடைவெளி விழுந்தால் தடி. சிறிய வித்தியாசத்துக்கு அடியில் கூடுதல் சுற்று டேப் போடலாம்.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்கு என் பழைய ஐயன்களை வெட்டித் தரச் சொன்னேன். ப்ரோ மறுத்துவிட்டார். விற்பனைக்காகவா?
– வாசகி, இந்திரா நகர்

பதில்: இல்லை அம்மா, அவர் சொன்னது சரி. ஷாஃப்டை வெட்டினால் நீளம்தான் குறையும். தலையின் கனமும் கிரிப்பின் தடிமனும் அப்படியே இருக்கும், ஷாஃப்ட் இன்னும் விறைப்பாகிவிடும். பையன் அதைத் தூக்க முதுகைப் பின்னால் சாய்ப்பான். அந்தப் பழக்கத்தை எடுக்க இரண்டு வருடம் ஆகும். பிள்ளைகளின் மட்டைகள் உயரத்துக்கு ஏற்ப, மூன்று அங்குலத்துக்கு ஒரு அளவாக வருகின்றன. வயதைச் சொல்லி வாங்காதீர்கள், ஷூ போட்டு உயரத்தை அளந்து வாங்குங்கள். முழு செட்டும் வேண்டாம். ஒரு ஃபேர்வே வுட், ஒரு 7-ஐயன், ஒரு வெட்ஜ், பந்தைக் குழிக்குள் உருட்டும் ஒரு பட்டர் போதும். கிளப்பில் பெரிய பையன்கள் கைவிட்ட செட் எப்போதும் கிடைக்கும், ப்ரோவிடமே கேளுங்கள்.

கேள்வி: நான் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். வாரத்தில் இரண்டு பீரியட் கோல்ஃப் சொல்லித் தருகிறேன். ஞாயிறு ரேஞ்சில் இரண்டு பேருக்குக் காசு வாங்கிப் பாடம் எடுக்கிறேன். அமெச்சூர் போட்டி ஆடலாமா?
– வாசகர், ஸ்ரீராம்புரம்

பதில்: பள்ளி வேலையால் பாதகம் இல்லை. பள்ளி, கல்லூரி ஊழியராக, மொத்த வேலை நேரத்தில் பாதிக்கும் குறைவாகக் கோல்ஃப் சொல்லித் தந்தால் அமெச்சூர் தகுதி போகாது. ஞாயிறு காசுதான் வம்பு. தனி ஆளுக்குக் கட்டணம் வாங்கிப் பாடம் சொன்ன அன்றே அமெச்சூர் தகுதி போய்விட்டது. 2022-ல் திருத்திய விதிகளின்படி 700 பவுண்டு அல்லது 1,000 டாலருக்கு மேற்பட்ட பரிசு வாங்குவதும், கிளப் ப்ரோ அல்லது ரேஞ்ச் ப்ரோ வேலையை ஏற்பதும், ப்ரோக்கள் சங்கத்தில் உறுப்பினராவதும் அதே கதைதான். திரும்பப் பெற, காசு வாங்குவதை நிறுத்திவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமான காத்திருப்பு கடைசி மீறலிலிருந்து ஆறு மாதம். அதுவரை அமெச்சூர் போட்டியில் பெயர் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மகனுக்கு 19 வயது. மூன்று வருடமாகக் கேடி. நன்றாக அடிக்கிறான் என்று மெம்பர்கள் சொல்கிறார்கள். ப்ரோ ஆக்க என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், அல்சூர்

பதில்: கேடியாக இருந்து மேலே வந்தவர்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை ஐயா. இந்தியன் ஓபனை 1991-ல் வென்ற அலி ஷேர், அந்தப் பட்டம் வாங்கிய முதல் இந்திய ப்ரோ, டெல்லியில் கேடியாகத் தொடங்கியவர். 2009-ல் அதே பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பா நம் பெங்களூருவில் கேடியாகத் தொடங்கியவர். 2016, 2017 என இரண்டு முறை வென்ற சௌராசியாவின் அப்பா, ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பார்த்தவர்.

ஆனால் "நன்றாக அடிக்கிறான்" என்பது அளவு அல்ல. பராமரிப்பு நாளில் ஆட கிளப் விட்டால், பின் டீயிலிருந்து (தொலைவான தொடக்க இடத்திலிருந்து), கடைசிச் சிறு அடியையும் விடாமல் பந்தைக் குழிக்குள் போட்டு, சலுகை எதுவும் இல்லாமல் இருபது சுற்று ஆடி ஸ்கோரை எழுதச் சொல்லுங்கள். சொந்தக் கோர்ஸில் சராசரி பாருக்கு (கோர்ஸுக்கு நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கைக்கு) சமமாக வந்தால் வெளிக் கோர்ஸில் நான்கு சுற்று. அங்கே ஐந்தாறு கூடினால் இன்னும் காலம் இருக்கிறது. கூலிக்குக் கேடி வேலை பார்ப்பதால் அமெச்சூர் தகுதி போகாது என்பதால் அவசரமே இல்லை. ப்ரோ ஆனபின் கோர்ஸில் பயிற்சிக்கும் போட்டிக்கும் செலவு உங்களுடையது.

கூடவே இன்னொரு கதவையும் திறந்து வையுங்கள். கிரிப் மாற்றவும், ரேஞ்சில் பிள்ளைகள் வகுப்பில் உதவியாக நிற்கவும் இப்போதே பழகட்டும். ஆனால் பாடத்துக்கு அவன் காசு வாங்கக் கூடாது. ஏன் என்பது மேலே உள்ள பதிலில். கேடியின் கண் பாடம் சொல்ல நல்ல மூலதனம். ஆயிரம் பேர் அடிப்பதைப் பின்னாலிருந்து பார்த்த கண் அது.

கேள்வி: கேஜிஏவில் (பெங்களூரு கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் கோர்ஸில்) என் 7-ஐயன் 150 கஜம் போகிறது. சென்னை கிண்டியில் ஐந்து கஜம் குறைகிறது. வயதா, காற்றா?
– வாசகர், ஃபிரேசர் டவுன்

பதில்: உயரம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. ஆயிரம் அடிக்குச் சற்றேறக்குறைய 1.2 சதவீதம் கூடுதல் தூரம் என்று வைத்தால் இங்கே மூன்றரை சதவீதம், அதாவது உங்கள் ஐந்து கஜம். அதே அடி ஊட்டியில் 157-ஐத் தொடும். சென்னையில் காற்று கனமாக இருப்பது ஈரத்தால் என்று கிளப்பில் சொல்வார்கள், நம்பாதீர்கள். ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் லேசு.

கேள்வி: பாடம் எடுத்து எடுத்து வலது முழங்கையின் உட்பக்கம் வலி. ஆடிய காலத்தில்கூட வந்ததில்லை.
– கிளப் ப்ரோ, ஹெப்பாள்

பதில்: ஆடிய காலத்தில் உடம்பைச் சூடாக்கிவிட்டு அடித்தீர்கள். இப்போது பத்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு, "இப்படி" என்று மாணவரின் மட்டையில் ஒரே ஒரு முழு ஸ்விங். அதுவும் காலை ஆறு மணிக் குளிரில், பாயில். ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் முழங்கைத் தசைநாரில்தான் இறங்குகிறது. செய்து காட்டுவதைப் பாதி ஸ்விங்கில், பந்தில்லாமல் செய்யுங்கள். முழு ஸ்விங் காட்ட வேண்டுமானால் நாளின் முதல் பாடத்துக்கு முன் இருபது பந்து வெட்ஜில் தொடங்கி ஏறுங்கள். பந்தை டீயில் வைக்க நீங்கள் குனிய வேண்டாம், மாணவரே வைக்கட்டும். நாளுக்கு இருநூறு குனிதல் மிச்சம். கிரிப் வேலையில் வைஸை இடுப்புக்குச் சற்று மேலே ஏற்றி மாட்டுங்கள், கிழிக்கும் கை மாறி மாறி இருக்கட்டும். ஆறு வாரத்தில் குறையாவிட்டாலோ, டம்ளரைத் தூக்கும்போதே வலித்தாலோ, பிசியோவிடம் போய்விடுங்கள். முழங்கைக்குப் பட்டை கட்டிக்கொண்டு சீசனை ஓட்டப் பார்க்காதீர்கள்.